ஒரே வரியில் பதில் கேட்ட அக்காவுக்கு

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு, தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும், வீட்டிலும், கடையும் நலம். அங்கே தாங்களும், அத்தானும், அத்தானுடைய இரத்த அழுத்தமும், தங்களுடைய இரண்டு தையல் மெஷின்களும் நலமாக இருக்க வேண்டுமென்பது என் விருப்பம். "தாங்கள்" என்று போட்டது கடிதத்துக்கு உண்டான மரியாதை. அதை இந்தப் பத்தியோடு நிறுத்திக்கொள்கிறேன். ஐந்து வயதில் எனக்கு மூக்குச் சிந்திவிட்டவளைப் பக்கம் பக்கமாகத் "தாங்கள்" என்று அழைத்தால் கடைசியில் இருவருமே சிரித்துவிடுவோம், விஷயமோ சிரிக்கிற விஷயம் இல்லை.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. செவ்வாய் கடைக்கு விடுமுறை என்பதால் நிதானமாகப் படித்தேன். "உங்க ஊர் காலேஜ்ல ஒன்பது மாசம் பிசினஸ் சர்டிபிகேட் சொல்லித் தர்றாங்களாம். பீஸும் ஒரு புது ஓவர்லாக் மெஷின் விலையும் ஒண்ணு. கையில ஒண்ணுக்குத்தான் காசு இருக்கு. ஐம்பத்திரண்டு வயசுல படிச்சு என்ன கிழிக்கப் போறேன்னு உன் அத்தான் கேக்கறார். நீ ஊர்ல எல்லாரோட சர்டிபிகேட்டும் பாத்தவன். பிரயோஜனமா இல்லையான்னு ஒரே வரியில எழுது. போன்ல கேட்டா உளறுவ, அதான் எழுதிக் கேக்கறேன். நீ வேண்டாம்னா விட்டுடறேன்" என்று எழுதியிருந்தாய். அத்தானின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். துணி திருத்தும் கடை வைத்திருப்பவள் வாழ்நாள் முழுக்கக் கிழித்துக்கொண்டுதான் இருக்கிறாள். அது குறையாகாது. மீதிக் கேள்விக்குத்தான் ஒரு வரி போதவில்லை.

கடைசி வரி என்னைக் கொஞ்சம் உலுக்கிவிட்டது, அக்கா. நான் வேண்டாம் என்றால் விட்டுவிடுவாயாம். போன வருஷம் ஆஸ்பத்திரிக்காரர்கள் இருநூறு கோட்டு கேட்டபோது விலை சொல்லத் தெரியாமல் ஏதோ ஒரு விலை சொல்லி, மூன்று மாதம் கண் வீங்கத் தைத்து, கடைசியில் கையில் மிஞ்சியது நூல்கண்டு வாங்கும் காசுதான் என்று நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது. அதே ஆஸ்பத்திரி வரும் வருஷம் மறுபடி கேட்கப் போகிறது என்பதும், அதற்குள் விலை சொல்லக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதும், அதற்குத்தான் இந்தப் படிப்பு என்பதும் எனக்குப் புரிகிறது. ஆகவே இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாமல் இந்த வாரம் முழுக்க விசாரித்தேன். அந்த விசாரணையின் விவரம் இது.

முதலில் என் தகுதி. இருபத்தாறு வருஷமாகப் படத்துக்குப் பிரேம் போடுகிறேன். என் கண்ணாடிக்கு அடியில் வந்ததை ஒன்று விடாமல் படித்திருக்கிறேன். பாராட்டுப் பத்திரம், இரங்கல் செய்தி, ஓய்வு பெறும் தலைமை எழுத்தருக்கு அவருக்குக் கீழே இருந்த எழுத்தர் இயற்றிய பன்னிரண்டு வரிச் செய்யுள் எல்லாம் படித்தாயிற்று. ஒரு சான்றிதழின் முன்பக்கத்தை எல்லோரும் பார்க்கிறார்கள். பின்பக்கத்தில் அட்டை ஒட்டி, ஆணி அடித்து, கொக்கி மாட்டி அனுப்புகிறவன் நான். அந்தக் கல்லூரியின் பிசினஸ் சான்றிதழ் மட்டும் இதுவரை அறுபத்து மூன்று என் கையால் போயிருக்கிறது. நல்ல கனமான தாள். ஓரத்தில் நீலக் கோடு. முத்திரை மட்டும் சற்றே வலப்பக்கம் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வை மறைக்க நான் தாளைச் சுற்றி வரும் மவுண்ட் அட்டையை ஒரு நூலளவு எதிர்ப்பக்கம் சாய்த்து வெட்டுவேன். இதுவரை எவருக்கும் தெரியாது.

அறுபத்து மூன்றில் இரண்டு பேர் பிரேமை வாங்கிப் போகவே இல்லை. என் கடையில் வாங்காத படங்களுக்கென்று ஒரு சுவர் இருப்பது உனக்குத் தெரியும். ஒரு நாய், ஒரு கல்யாணப் படம், தன்னுடைய படம் தன்னைப் போல இல்லை என்று கோபித்துக்கொண்டு போனவருடைய படம், இவற்றோடு அந்த இரண்டு சான்றிதழ்களும் தொங்குகின்றன. இதில் புதிர் என்னவென்றால் அந்த இருவரும் முழுப்பணமும் கட்டிவிட்டார்கள். முழுப்பணத்தையும் முன்கூட்டியே வாங்குவது என் கடையின் விதி. நானே கண்டுபிடித்தது. ஆறு வருஷம் முன்புவரை பாதிப் பணம் வாங்கிக்கொண்டு மீதிக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை திடீரென்று தெளிந்துவிட்டேன். அந்த வருஷம் எனக்கு நல்ல யோசனைகளாக வந்து குவிந்தன. மலிவு, நடுத்தரம், யானை விலை என்று மூன்று மாதிரிப் பிரேம்களை வரிசையாக வைத்தால் ஜனங்கள் நடுவில் இருப்பதையே வாங்குவார்கள் என்று கண்டுபிடித்ததும் அப்போதுதான். எந்தக் கிழமை எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணிப் பார்த்து, ஈ ஓட்டும் செவ்வாய்க்கு விடுமுறை விட்டு ஞாயிறு மாலையில் கடையைத் திறந்ததும் அப்போதுதான். எல்லாமே ஞாயிற்றுக்கிழமை காலைகளில், டீ குடிக்கும்போது, என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து ஏதேதோ பேசிக்கொண்டிருக்கையில் தோன்றியவை. அந்த வருஷம் அவளுடைய சித்திக்கு முட்டி வலி, சனிக்கிழமை தோறும் உதவிக்குப் போய்விடுவாள். சனிக்கிழமை வீடு அமைதியாக இருந்ததில் மூளைக்கு நல்ல ஓய்வு கிடைத்திருக்க வேண்டும். ஒன்பதே மாதத்தில் சித்தியின் முட்டி குணமாகிவிட்டது. யோசனைகளும் நின்றுவிட்டன.

இருக்கட்டும். படித்த அறுபத்தொரு பேர் சான்றிதழைச் சுவரில் மாட்டிக்கொண்டார்கள், அவர்களைக் கேட்டால் பெருமைதான் பேசுவார்கள். பணம் கட்டியும் வாங்காமல் போனவர்களிடம்தான் உண்மை இருக்கும் என்று எனக்குப் பட்டது. ஆகவே இரண்டு பிரேமையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு புதன்கிழமை கிளம்பினேன்.

முதலாமவர் முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறார். உள்ளே போய், "உங்க பிரேம் ரெண்டு வருஷமா எங்க கடையில கெடக்கு" என்றேன்.

"அதுக்கென்ன சார், உட்காருங்க பேசலாம்" என்றார். உட்காருவதற்கு அங்கே இருந்தது ஒரே ஒரு நாற்காலி, அது எந்த நாற்காலி என்று உனக்கே தெரியும். உட்கார்ந்த மறுகணம் கழுத்தைச் சுற்றித் துணி வந்துவிட்டது.

"நான் முடி வெட்ட வரல. அந்தப் படிப்பால என்ன பிரயோஜனம்னு கேக்க வந்தேன்."

"ஒரு பிரயோஜனமும் இல்ல சார். ஒன்பது மாசம் வீண். ஓரத்த மட்டும் சரி பண்ணிடவா, முழுசாவே பண்ணிடவா?"

"ஓரம் மட்டும்."

"அவங்க சொல்லிக் குடுத்ததெல்லாம் நமக்கு முன்னாடியே தெரிஞ்சதுதான். ஓரம் மட்டும்னா இந்த ரேட்டு. தாடியும் சேர்த்தா ஓரம் பாதி ரேட்டு. தாடி இவ்வளவு நல்லாப் பண்ணிட்டு முகத்துக்கு ஒண்ணும் போடாம அனுப்பினா பாக்கறவங்க என்னைத்தான் திட்டுவாங்க. கண்ண மூடிக்கோங்க."

கண்ணை மூடினேன். திறந்தபோது ஓரம், தாடி, முகத்துக்கு இரண்டு விதக் களிம்பு, தலைக்கு எண்ணெய்த் தேய்ப்பு எல்லாம் முடிந்திருந்தன. கையில் ஓர் அட்டை இருந்தது. ஐந்து முறை வெட்டினால் ஆறாவது இலவசம், ஒரு வருஷத்துக்குள். என் தலையில் மிச்சமிருப்பதை வைத்துப் பார்த்தால் ஆறாவது முறை வெட்டுவதற்கு நான் வேறு யாரையாவது அழைத்துப் போக வேண்டும். "அப்ப ஏன் பிரேமை வாங்க வரல?" என்று கேட்டேன். "எங்க சார் மாட்டறது? நாலு சுவரும் கண்ணாடி. தன் மூஞ்சியப் பாக்கறவன்தான் களிம்பு வாங்குவான். என் சர்டிபிகேட்டப் பாத்துட்டு எவன் வாங்குவான்? உங்ககிட்டயே இருக்கட்டும், பத்திரமா இருக்கும்" என்றார். நான் போய் வந்த செலவு ஒரு வாரத்து டீச் செலவைத் தாண்டியது. என் குறிப்பேட்டில் "முடிதிருத்துபவர்: ஒரு பயனும் இல்லை என்கிறார்" என்று எழுதிக்கொண்டேன்.

இரண்டாவது சான்றிதழ் ஒரு பேக்கரி அம்மாவுடையது. வியாழக்கிழமை போனேன். பேக்கரி இருந்த இடத்தில் செருப்புக் கடை இருந்தது. மாடியில்தான் வீடு. கதவைத் திறந்தவர் அவருடைய கணவர். கல்லூரிப் பெயரைச் சொன்னதுமே மனிதர் சிவந்துவிட்டார்.

"அந்தக் காலேஜா? எங்க கடைய மூடினதே அந்தக் காலேஜ்தான்."

உள்ளேயிருந்து அந்த அம்மாவின் குரல் வந்தது. "கடைய மூடினது நான். காலேஜ் கணக்கு மட்டும்தான் சொல்லிக் குடுத்துச்சு."

"நிக்க எடம் இல்லாம பதினோரு வருஷம் ஓடின கடைங்க."

"ஓடுச்சு. எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாக்காம ஓடுச்சு. ஒரு பன்னு வித்தா நம்ம கைக்காசு போகுதுன்னு ஏழாவது வாரம்தான் எனக்கே தெரிஞ்சுது. கூட்டம் கூடக் கூட நஷ்டம் கூடிட்டிருந்திருக்கு."

"தெரியாமலே இருந்திருந்தா கடை இன்னும் இருக்கும்."

"கடை இருக்கும். நான் இருந்திருக்க மாட்டேன்."

இப்போது அந்த அம்மா ஒரு பெரிய பேக்கரியில் மேற்பார்வை வேலை பார்க்கிறார். முன்பெல்லாம் உலகமே தூங்குகிற வேளையில் எழுந்து மாவு பிசைந்தவர் இப்போது ஆறு மணிக்கு எழுந்திருக்கிறார், முகத்தில் தூங்கிய களை இருக்கிறது. கல்லாவில் உட்கார்ந்து பதினோரு வருஷம் முதலாளியாக இருந்த கணவர்தான் இன்னும் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அதையும் வீட்டுக்குக் கொண்டுவந்து ஜன்னலோரம் போட்டிருக்கிறார், கல்லா இல்லாமல். "அத இந்த வீட்ல மாட்டினா நான் வெளிய போயிடுவேன்" என்றார். "அதுக்குத்தான் மாட்டலாமான்னு பாக்கறேன்" என்றார் அந்த அம்மா. பிறகு வாசல்வரை வந்து குரலைத் தாழ்த்தி, "அண்ணே, இன்னும் கொஞ்ச நாள் உங்ககிட்டயே இருக்கட்டும். இவரு மனசு ஆறட்டும்" என்றார். ஒரு படிப்பு ஒரு கடையை மூடவைத்தது என்பதை இலாபத்தில் எழுதுவதா, நஷ்டத்தில் எழுதுவதா என்று படியிறங்கும்வரை யோசித்தேன். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தால் இலாபம், கணவர் முகத்தைப் பார்த்தால் நஷ்டம். குறிப்பேட்டில் கோடு போட்டு இரண்டு பக்கத்திலும் எழுதினேன்.

ஒன்று பாதகம், ஒன்று சமம். இந்த நிலையில் கல்லூரியையே கேட்டுவிடலாமென்று நேற்று சனிக்கிழமை போனேன். சேர விரும்புகிறவர்களுக்கு அன்று விளக்கக் கூட்டம் என்று பலகை வைத்திருந்தார்கள். நான் நல்ல சட்டை போட்டிருந்தேன். முடிதிருத்துபவரின் களிம்பு மூன்று நாளாகியும் முகத்தில் மின்னிக்கொண்டிருந்தது. கையில் பை. பைக்கு வெளியே இரண்டு பிரேம்களின் மேல்பாகம் நீட்டிக்கொண்டிருந்தது, நீலக்கோடும் முத்திரையும் தெரியும்படி. வாசலில் நின்ற பெண், கழுத்தில் அடையாள அட்டை போட்டவள், என்னைப் பார்த்ததும் ஓடி வந்து, "வாங்க சார், உங்களுக்காகத்தான் எல்லாரும் காத்துட்டிருக்கோம்" என்றாள். தனியார் இடங்களில் எல்லோரையும் இப்படித்தான் வரவேற்பார்கள் போலும் என்று நினைத்துக்கொண்டேன். சட்டையில் ஒரு காகிதப் பட்டையைக் குத்தினாள். வந்தவர்கள் எல்லோருக்கும் குத்துவார்கள் என்று நினைத்தேன். டீ கொடுத்து முதல் வரிசையில் உட்காரவைத்தாள். கண் கொஞ்சம் மங்கலான ஆள் என்று இரக்கப்படுகிறாள் என்று நினைத்தேன். மேடைக்கு அழைத்தபோதுதான் குனிந்து பட்டையைப் படித்தேன். "சிறப்பு விருந்தினர், முன்னாள் மாணவர்" என்று இருந்தது.

அக்கா, மறுத்துச் சொல்ல வாயைத் திறந்தேன். வாய்க்கு முன்னால் ஏற்கெனவே மைக் இருந்தது. "சார், எங்க சர்டிபிகேட் உங்க தொழிலுக்கு எப்படி உதவுச்சு, ரெண்டு வார்த்தை" என்றாள் அந்தப் பெண். எனக்குப் பொய் சொல்ல வராது என்பது உனக்குத் தெரியும். "இந்தக் காலேஜ் சர்டிபிகேட்டாலதான் என் கடையே ஓடுது" என்றேன். பலத்த கைதட்டல். "இதுவரைக்கும் அறுபத்து மூணு சர்டிபிகேட்ட நான் நெருக்கமாப் பாத்திருக்கேன். ஒண்ணுகூடப் பழுது சொல்ல முடியாது" என்றேன். முத்திரைச் சாய்வைப் பற்றிச் சபையில் சொல்ல வேண்டாமென்று விட்டுவிட்டேன். மறுபடியும் கைதட்டல். "உங்க கடைய எப்படி நடத்தறீங்கன்னு சொல்லுங்க" என்று யாரோ கேட்டார்கள். என் விதிகளைச் சொன்னேன். முழுப்பணம் முன்கூட்டியே, மூன்று மாதிரி, செவ்வாய் விடுமுறை. நாற்பது பேரும் எழுதிக்கொண்டார்கள். "வெயில் படற சுவர்ல எதையும் மாட்டாதீங்க" என்று தொழில் நுணுக்கம் ஒன்றும் சொன்னேன். அதையும் ஏதோ பெரிய தத்துவம் என்று நினைத்து அடிக்கோடிட்டார்கள்.

அப்போதுதான் விஷயம் விபரீதமானது. ஓரத்தில் உட்கார்ந்திருந்த பேராசிரியை, கண்ணாடி போட்டவர், எழுந்து நின்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "பாத்தீங்களா? இவர் மொதல்ல சொன்னது நம்ம நாலாவது வாரப் பாடம். மூணு மாதிரி வைக்கறது பதினோராவது வாரம். கிழமை வாரியா ஆள் எண்ணிக் கடைக்கு லீவு விடறது ஒரு பழைய மாணவி பண்ணின ப்ராஜெக்ட். அவங்க வீட்டுக் கடையை வச்சே பண்ணாங்க. வருஷா வருஷம் அதத்தான் நான் உதாரணமாச் சொல்றேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யோசித்துப் பார். நான் ஞாயிற்றுக்கிழமை டீ குடித்துக்கொண்டே கண்டுபிடித்தவை அத்தனையும் அவர்களுடைய பாடத்தில் இருக்கின்றன. யாரோ ஒரு பெண்மணி, வாடிக்கையாளர்போல என் கடைக்கு வந்து நோட்டம் பார்த்து, நான் செவ்வாய்க்கு விடுமுறை விட்டதை அப்படியே தூக்கிக்கொண்டு போய்த் தன் வீட்டுக் கடை என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். யாராக இருக்கும் என்று மேடையிலேயே யோசித்தேன். இரண்டு பேர்மேல் சந்தேகம். ஒருத்தி அளவு கேட்டுவிட்டு எதுவும் வாங்காமல் போவாள்.

கூட்டம் முடிந்ததும் பன்னிரண்டு பேர் அங்கேயே பணம் கட்டிச் சேர்ந்தார்கள். அதில் நால்வர் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்கள். உண்மையான சிறப்பு விருந்தினர், குடைக் கடைக்காரராம், பஸ் தாமதமாகி மூச்சு வாங்க வந்து சேர்ந்தபோது அவரை மூன்றாவது வரிசையில் உட்காரவைத்துக் கையில் விண்ணப்பப் படிவத்தைக் கொடுத்துவிட்டார்கள். நான் பின்பக்கமாக நழுவி வெளியே வருகையில் பாவம், நல்ல மனிதர், தந்தையார் பெயர் வரைக்கும் நிரப்பியிருந்தார்.

ஆகவே, அக்கா, என் தீர்ப்பு இது. வேண்டாம். மெஷின் வாங்கிக்கொள். என் காரணம் எளிமையானது. என் கடையைப் பார்த்துத் திருடிய பாடத்தை எனக்கே மேடையில் வைத்துச் சொல்லிக்காட்டுகிற கல்லூரிக்கு என் அக்கா எதற்குப் பணம் கட்ட வேண்டும்? மூலப் பொருள் உன் வீட்டிலேயே, உன் உடன்பிறப்பாக இருக்கிறது. வேண்டுமானால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வா, டீயோடு எல்லாவற்றையும் இலவசமாகச் சொல்லித் தருகிறேன். ஆஸ்பத்திரிக் கோட்டுக்கு விலை போடுவது மட்டும் என்னால் முடியுமா என்று தெரியவில்லை, அந்த யோசனை எனக்கு எந்த ஞாயிற்றுக்கிழமையும் வரவில்லை. நேர்மையாக இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வகுப்பு சனிக்கிழமை தோறும் என்பதால், நீ சேர்ந்தால் ஒன்பது மாதம் வெள்ளி இரவு வந்து எங்கள் வீட்டில் தங்க வேண்டியிருக்கும், பின்னறையில் நான் அடுக்கியிருக்கும் பிரேம் மரங்களை எல்லாம் எடுக்க வேண்டியிருக்கும், நீ வந்தால் என் சட்டைப் பொத்தான்களைப் பற்றிப் பேசுவாய். இந்தக் காரணங்கள் என் தீர்ப்பைப் பாதிக்கவில்லை. பாதித்திருந்தாலும் ஒரு நூலளவுதான் இருக்கும், அதை எதிர்ப்பக்கம் சாய்த்துச் சரிசெய்துவிட்டேன்.

அத்தானுக்கு என் வணக்கம். அவர் சொன்னதுதான் சரி என்று என்னைச் சொல்லவைத்த முதல் விஷயம் இதுதான், அவருக்கு அது ஆரோக்கியத்தைக் கொடுக்கட்டும். நீ நீடூழி நலமாக இருந்து, கண்ணைப் பார்த்துக்கொண்டு, நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து தைத்து வர வேண்டுமென்று வேண்டிக்கொள்ளும்,

உன் தம்பி.

பி.கு.: கடிதத்தை மடித்து உறையில் போட்டு, முகவரி எழுத என் மனைவியிடம் கொடுத்தேன். என் கையெழுத்தில் முகவரி எழுதினால் தபால்காரர் வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு போகிறார் என்று ஆறு வருஷமாக அது அவள் வேலை. அவள் உறையைத் திறந்து முழுக்கப் படித்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பிறகு கேட்டாள்.

"முழுப்பணம் முன்னாடியே வாங்கணும்னு யாரு சொன்னது?"

"நான்தான் கண்டுபிடிச்சேன்."

"என்னிக்கு?"

"ஞாயித்துக்கிழமை."

"மூணு பிரேம் வைக்கறது?"

"அதுவும் ஞாயித்துக்கிழமை."

"ஏங்க, ஒரு வருஷம் முழுக்க உங்களுக்கு ஞாயித்துக்கிழமை மட்டுமே அறிவு வந்துச்சே, அதுக்கு முந்தின நாள் நான் எங்க போனேன்னு என்னிக்காவது யோசிச்சீங்களா?"

"சித்தி வீட்டுக்கு. முட்டி வலி."

"சித்திக்கு முட்டில ஒண்ணும் இல்ல. அவங்க மாடிப்படி ஓடி ஏறுவாங்க."

எழுந்து போய்த் துணி அலமாரியைத் திறந்து, புடவைகளை ஒருபக்கம் தள்ளினாள். கதவின் உட்பக்கத்தில் ஒரு சான்றிதழ் தொங்கியது. கனமான தாள், நீலக்கோடு, சாய்ந்த முத்திரை. அவள் பெயர். தேதி ஆறு வருஷம் முந்தியது. அந்தப் பழைய மாணவியின் வீட்டுக் கடை எது என்று எனக்கு அப்போது தெரிந்தது. சந்தேகப்பட்ட இரண்டு பெண்மணிகளிடமும் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

"பீசுக்குப் பணம்?" என்றேன்.

"நம்ம கடையிலதான் எடுத்தேன். ஒன்பது மாசமும் நீங்க கவனிக்கல. மொத வாரப் பாடமே அதுதான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் இந்தக் கடிதத்தையே என் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டு வேறு எழுதலாமென்று பார்த்தேன். விடமாட்டேன் என்றாள். "அப்படியே போகட்டும். அண்ணி படிக்கட்டும். படிக்காம இருந்தா இப்படித்தான் எழுதணும்னு அவங்களுக்கும் தெரியட்டும்" என்கிறாள். இந்த யோசனையை உனக்குக் கொடுத்ததே அவள்தானாம். இரண்டு மாதமாகப் போனில் பேசிக்கொண்டிருக்கிறீர்களாம். கட்டுவதா வேண்டாமா என்று நீ மட்டும்தான் இன்னும் தயங்குகிறாயாம், தம்பி ஒரு வார்த்தை சொன்னால் அத்தான் வாயடங்கும் என்று என் கடிதத்துக்குக் காத்திருக்கிறாயாம். கடைசித் தேதி வெள்ளிக்கிழமை என்பதால் இதை இன்றே தபாலில் சேர்க்கிறேன்.

எனக்கு வருத்தம் சித்தியின் முட்டியில்கூட இல்லை, அக்கா. அந்தச் சான்றிதழுக்கு அவள் எதிர்த்தெருக்காரனிடம் பிரேம் போட்டிருக்கிறாள். கீழ் இடது மூலையில் நகம் போகிற இடைவெளி. முத்திரை சாய்ந்தது சாய்ந்தபடியே இருக்கிறது. இரவுக்குள் பிரித்து, மவுண்ட் அட்டையை நூலளவு எதிர்ப்பக்கம் சாய்த்து வெட்டி, கடையில் யானை விலைக்கு வைத்திருந்த அந்த மூன்றாவது மாதிரிப் பிரேமை அதற்குப் போட்டு, கல்லாவுக்கு மேலே மாட்டிவிடுகிறேன். வெயில் படாத சுவர்.

நீ ஒரே வரியில் கேட்டாய். இதோ: பிரயோஜனம் உண்டு, சேர்ந்துவிடு.

பின்னறையைக் காலி செய்துகொண்டிருக்கிறேன். உன் சான்றிதழுக்குப் பிரேம் நான்தான் போடுவேன், வேறெங்கும் போய்விடாதே. ஆனால் முழுப்பணத்தையும் முன்கூட்டியே அனுப்பிவிடு. அக்கா என்பதால் விட்டுக்கொடுக்கலாமென்றுதான் இருந்தேன், விதியைக் கண்டுபிடித்தவள் பக்கத்தில் நின்று படித்துக்கொண்டிருக்கிறாள்.